மென்பொருளின் அடிப்படை வகைகள் இரண்டா, மூன்றா, ஐந்தா?

நூலேணி:

அனைவருக்கும் வணக்கம். கணினியை முதன்முறையாகக் கற்க வரும் பெரியவர்களுக்காக ஓர் அறிமுகப் பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வன்பொருள் பற்றிய பகுதி அதிகச் சிக்கலின்றி முடிந்துவிட்டது. கையால் தொட்டுக் காட்டக்கூடியவற்றை விளக்குவது எளிது. மென்பொருளின் வகைகள் என்ற இடத்துக்கு வந்ததும் எழுத்து நின்றுவிட்டது.

மென்பொருள் என்பது அமைப்பு மென்பொருள், பயன்பாட்டு மென்பொருள் என இரண்டே வகைப்படும் என்கிறது ஒரு பாடநூல். இன்னொன்று நிரலாக்க மென்பொருளைத் தனியே பிரித்து மூன்று என்கிறது. வேறொன்றில் பராமரிப்பு நிரல்களும், சாதனத்துக்குள்ளேயே பதித்து வரும் நிரலான ஃபர்ம்வேரும் தனித்தனியே நின்று எண்ணிக்கை ஐந்தாகிவிடுகிறது. இவை போதாதென்று, இலவச மென்பொருள், எழுதிய நிரலை எவரும் படிக்கத் தரும் திறமூல மென்பொருள் ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேர்த்து எழுதிய குறிப்புகளையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் வரையறை இருக்கிறது, எடுத்துக்காட்டுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எந்த அடிப்படையில் இப்படிப் பிரித்தார்கள் என்பது மட்டும் ஒன்றிலும் இல்லை.

என் ஐயங்கள் இவை. அடிப்படை வகைகள் எத்தனை என்பதற்கு ஒரே விடை உண்டா? கணினியைப் போட்டவுடன் தயாரிப்பாளரின் சின்னத்தைக் காட்டுகிறதே, அந்தத் தொடக்க நிரல் விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் பகுதியா, அல்லது வேறா? உலாவி, நச்சுநிரல் தடுப்பான், தரவுத்தளம் ஆகியவற்றை எங்கே வைப்பது? பட்டியல் வேண்டாம், அது என்னிடம் நிறையவே இருக்கிறது. கற்பவர் "ஏன்" என்று கேட்டால் சொல்லத்தக்க காரணம்தான் வேண்டும்.

நிரலோடை:

வணக்கம். அந்த நூல்கள் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. எந்தக் கேள்விக்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் எண்ணிக்கை முரண்படுவதுபோல் தோன்றுகிறது. இந்த நிரல் யாருக்காக வேலை செய்கிறது என்பது ஒரு கேள்வி. எங்கே தங்கி, எவ்வளவு அதிகாரத்துடன் இயங்குகிறது என்பது இரண்டாவது. யார், எந்த நிபந்தனையின்பேரில் பயன்படுத்தலாம் என்பது மூன்றாவது. இரண்டு வகை என்று சொல்லும் நூல் முதல் கேள்வியை மட்டும் கேட்கிறது; ஃபர்ம்வேரைச் சேர்க்கும் நூல் இரண்டாவதையும் உடன் கலக்கிறது; திறமூலத்தைச் சேர்க்கும் குறிப்பு மூன்றாவதையும் அதே பட்டியலில் திணிக்கிறது. பாடத்தை முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.

கடிதம் எழுதுதல், கணக்குப் போடுதல், படத்தைத் திருத்துதல் என்று மனிதருக்கு நேரடியாகத் தேவைப்படும் ஒரு வேலையை முடித்துத் தருவது பயன்பாட்டு மென்பொருள். அத்தகைய நிரல்கள் இயங்க வழி செய்து, வன்பொருளையும் நிர்வகிப்பது அமைப்பு மென்பொருள். இயங்குதளத்தை வைத்துக்கொண்டு மகிழ்வதற்காக எவரும் கணினி வாங்குவதில்லை; 1979-இல் ஆப்பிள் II கணினிக்கு வெளிவந்த விசிகால்க் என்ற விரிதாள் நிரலுக்காகவே அந்தக் கணினியை வாங்கியவர்கள் பலர்.

அப்படியானால் அமைப்பு மென்பொருள் எதற்கு என்று கற்பவர் கேட்பார். அது இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதைச் சொன்னால் போதும். 1950-களின் தொடக்கத்தில் ஒரு கணக்கீட்டு நிரலை எழுதியவர், துளையட்டையிலிருந்து தரவைப் படிப்பது, காந்த நாடாவில் எழுதுவது போன்ற வேலைகளுக்கான கட்டளைகளையும் பெரும்பாலும் தம் நிரலுக்குள்ளேயே சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் வரை, யாராவது வந்து ஆயத்தப்படுத்தட்டும் என்று அவ்வளவு விலையுயர்ந்த இயந்திரம் சும்மா நிற்கும். ஐபிஎம் 704 கணினிக்காக 1956-இல் ஜெனரல் மோட்டார்ஸ், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய ஜிஎம்-என்ஏஏ ஐ/ஓ, ஒரு வேலை முடிந்ததும் வரிசையில் நிற்கும் அடுத்த வேலையைத் தானே தொடங்கியது. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் எல்லா நிரல்களும் பகிர்ந்துகொள்ளத்தக்க பொது நிரற்பகுதிகளையும் தந்தது. இயங்குதளங்களின் முன்னோடிகளுள் ஒன்றாக அதைக் கருதுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக வேண்டிய வேலையை ஒருமுறை எழுதி ஓரிடத்தில் வைத்துவிடலாம் என்ற எண்ணத்திலிருந்துதான் அமைப்பு மென்பொருள் பிறந்தது.

இன்றைய கணினியில் இந்தப் பிரிவினையைக் காட்ட, கோப்பைச் சேமிக்கும் பொத்தானைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. சொற்செயலிக்கு வட்டைப் பற்றி எதுவும் தெரியாது. இன்ன கோப்பில் இந்த பைட்டுகளை எழுதித் தருக என்று அது இயங்குதளத்திடம் ஒரு விண்ணப்பம் வைக்கிறது. இதற்கு சிஸ்டம் கால் என்று பெயர். இயங்குதளத்தின் மையமாகிய கெர்னல், அந்தக் கோப்பில் எழுத இந்தப் பயனருக்கு அனுமதி உண்டா என்று பார்த்து, உண்டென்றால் தரவை முதலில் நினைவகத்திலுள்ள ஓர் இடைத்தேக்கத்தில் படியெடுத்துக்கொண்டு, வேலை ஆயிற்று என்று சொற்செயலிக்கு விடை தந்துவிடுகிறது. ஆகவே, "சேமிக்கப்பட்டது" என்று திரை சொல்லும் கணத்தில் கடிதம் வட்டுக்குப் போய்ச் சேராமலே இருக்கக்கூடும். பென் டிரைவைப் பிடுங்குவதற்கு முன் "பாதுகாப்பாக நீக்கு" என்ற கட்டளையைக் கொடுக்கச் சொல்வது இதனால்தான். பின்னர், வட்டில் காலியாக உள்ள இடங்களுள் எவற்றில் எழுதுவது என்பதைக் கோப்பு முறைமை தேர்ந்தெடுக்கிறது. அதை அந்தக் குறிப்பிட்ட வட்டுக்குப் புரியும் கட்டளைகளாக டிரைவர் என்ற நிரல் மாற்றி அனுப்புகிறது. வட்டு, சுழலும் தட்டின்றி நினைவுச் சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டி வகையாக இருந்தால், ஒரே நினைவுக்கலங்கள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுத் தேய்ந்துவிடாதபடி எந்தக் கலத்தில் வைப்பது என்பதை அதற்குள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேர் முடிவு செய்கிறது. பயனர் பார்த்தது ஒரு பொத்தானை. அதன் பின்னே ஒரு பயன்பாட்டு நிரல், ஒரு கெர்னல், ஒரு டிரைவர், ஒரு ஃபர்ம்வேர் ஆகிய நான்கும் வேலை செய்திருக்கின்றன.

தொடக்கத்தில் சின்னத்தைக் காட்டுவதும் ஃபர்ம்வேர்தான். அது இயங்குதளத்தின் பகுதியன்று. மின்சாரம் வந்தவுடன் நினைவகம் வெறுமையாக இருக்கும். இயங்குதளமோ வட்டில் கிடக்கும். வட்டிலிருந்து அதைப் படித்து ஏற்றுவதற்கே ஒரு நிரல் தேவை. அதனால், மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் சிப் ஒன்றில் வைக்கப்பட்டுத் தாய்ப்பலகையிலேயே பொருத்தப்பட்டிருக்கும் நிரலிலிருந்து மையச் செயலகம் தன் முதல் கட்டளைகளைப் பெறுகிறது. பழைய கணினிகளில் இதற்கு பயாஸ் என்று பெயர். இப்போது யுஇஎஃப்ஐ வந்துவிட்டது. நினைவகத்தையும் அடிப்படைச் சாதனங்களையும் அது தயார்ப்படுத்தி, இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடரை வட்டில் தேடி எடுத்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைக்கும். பயாஸ் காலத்து முறையில் வட்டின் முதல் பகுதியான 512 பைட்டுகள் மட்டுமே இதற்காக ஏற்றப்படும். அதிலும் வட்டுப் பிரிவுகளின் அட்டவணை முதலியன போக நிரலுக்கு எஞ்சுவது 446 பைட்டுகள்தாம். அவ்வளவு சிறிய இடத்தில் முழு பூட்லோடர் அடங்காது என்பதால், அந்தத் துணுக்கு நிரல் தன்னைவிடப் பெரிய இன்னொரு நிரலை ஏற்ற, அது கெர்னலை ஏற்றும். கெர்னல் எழுந்த பிறகே டிரைவர்களும், அவற்றைத் தொடர்ந்து நுழைவுத் திரையும் வருகின்றன.

கடைசியாக அதிகாரத்தைப் பற்றி ஒரு சொல். கெர்னல் மட்டுமே வன்பொருளை நேரடியாகத் தொடலாம், மற்ற நிரல்கள் விண்ணப்பம் வைத்துத்தான் பெற வேண்டும் என்ற விதி வெறும் ஒழுங்குமுறையன்று. அதை நிலைநாட்டுவது மையச் செயலகமே. இன்டெல் வகைச் செயலகங்களில் நான்கு அதிகார நிலைகள் உண்டு. பெரும்பாலான இயங்குதளங்கள் அவற்றில் இரண்டை மட்டும் பயன்படுத்துகின்றன, உச்ச நிலையைக் கெர்னலுக்கும், கடை நிலையைப் பயனரின் நிரல்களுக்கும். கடை நிலையில் இருக்கும் நிரல் தனக்கு உரிமையில்லாத கட்டளையை இட்டால், செயலகமே அதைத் தடுத்துக் கெர்னலிடம் ஒப்படைத்துவிடும். உலாவி செயலிழந்தால் உலாவி மட்டும் மூடிக்கொள்வதும், பெரும்பாலும் கெர்னலின் நிலையிலேயே இயங்கும் டிரைவர் செயலிழந்தால் பல வேளைகளில் கணினியே நின்றுவிடுவதும் இந்த வேறுபாட்டால்தான்.

கட்டளைக்கோடு:

நிரலோடை சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால், "யாருக்காக வேலை செய்கிறது" என்ற ஒரே கேள்வியை வைத்தால், நிரலாக்கக் கருவிகள் எங்கே நிற்கும்? எழுதிய நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்ற உதவும் கம்பைலரைப் பயன்படுத்துபவர் மனிதர்தான். தம் வேலையை முடிப்பதற்காகத்தான் அதைப் பயன்படுத்துகிறார். அந்த வகையில் அது சொற்செயலியைப் போன்ற பயன்பாட்டு நிரல். ஆனாலும் பழைய பாடநூல்கள் பலவும் அதை அமைப்பு மென்பொருள் என்றே எழுதின. இதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது.

மையச் செயலகத்துக்குப் புரிவது எண்களாலான இயந்திரக் கட்டளைகள் மட்டுமே. மனிதர் எழுதத்தக்க குறியீடுகளிலிருந்து அந்தக் கட்டளைகளை உருவாக்கும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கலாம் என்பது ஒரு காலத்தில் எளிதில் ஏற்கப்படாத கருத்து. கிரேஸ் ஹாப்பர் 1952-இல் யூனிவாக் கணினிக்காக ஏ-0 என்ற நிரலை உருவாக்கினார். இன்றைய அளவுகோலால் அளந்தால் அது கம்பைலர் என்பதைவிட, முன்பே எழுதி வைத்த நிரற்பகுதிகளைத் தேடி எடுத்துக் கோக்கும் லிங்கருக்கே நெருக்கமானது. ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் குழு உருவாக்கி 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் கம்பைலர்தான், கைதேர்ந்தவர் எழுதிய இயந்திரக் கட்டளைகளுக்கு நிகரான வேகத்தைத் தானாகவே எட்ட முடியும் என்பதைப் பலரும் ஒப்புக்கொள்ளச் செய்தது. அக்காலத்தில் கம்பைலர் கணினியுடன் சேர்ந்தே வந்தது. அது இல்லாமல் அந்த இயந்திரத்தில் புதிதாக ஒன்றைச் செய்வது பெரும்பாடு. ஆகவே, இயங்குதளத்துடன் அதையும் ஒரே கூடையில் போட்டார்கள்.

இன்று நிலைமை வேறு. கம்பைலர் எந்தச் சிறப்பு அதிகாரமும் இன்றி, சாதாரணப் பயனர் நிலையில் இயங்கும் ஒரு நிரல். அதை நிறுவாமலே பெரும்பாலானோரின் கணினிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதே வேளையில், அது உருவாக்கித் தருவது இன்னொரு நிரலை. 1973-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலைச் சி மொழியில் திருப்பி எழுதிய பிறகு, ஒரு கம்பைலர் இருந்தால் இயங்குதளத்தையே புதிய வகை இயந்திரத்துக்குக் கொண்டுசெல்லலாம் என்ற நிலை வந்தது. இயங்குதளத்தைப் பிறப்பிக்கும் ஒன்றை, இயங்குதளத்தின் மேல் ஓடும் எத்தனையோ நிரல்களுள் ஒன்றாகவும் எண்ண வேண்டியிருக்கிறது. அதனால்தான் மூன்றாவது வகையாகப் பிரிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

பாடத்தில் இதற்கு நீண்ட இடம் தேவையில்லை. சி மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் அசெம்பிளி மொழிக்கு மாற்றுகிறது, அசெம்பிளர் அதை இயந்திரக் கட்டளைகளாக்குகிறது, லிங்கர் வேண்டிய நூலகப் பகுதிகளுடன் சேர்த்து இயக்கத்தக்க கோப்பாக்குகிறது என்ற வரிசையைச் சொன்னால் போதும். நிரலைத் தனி இயக்கக் கோப்பாக்காமல் தானே ஓட்டும் இன்டர்பிரெட்டரைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. "கம்பைலர் முழு நிரலையும் மாற்றும், இன்டர்பிரெட்டர் ஒவ்வொரு வரியாக மாற்றும்" என்ற வாக்கியம் எல்லாக் குறிப்பேடுகளிலும் இருக்கிறது. பைத்தான் மொழியின் வழக்கமான இன்டர்பிரெட்டர் முதலில் நிரல் முழுவதையும் பைட்கோடு என்ற இடைநிலை வடிவுக்கு மாற்றிவிட்டு, பிறகே அதை ஓட்டுகிறது. நிரலின் கடைசி வரியில் ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டுப் பாருங்கள். முதல் வரியைக்கூட இயக்காமல் பிழை காட்டி நின்றுவிடும். வரிவரியாக ஓட்டுவது உண்மையானால் முதல் வரியின் விடையாவது வந்திருக்க வேண்டும்.

நூலேணி:

இருவருக்கும் நன்றி. சேமிக்கும் பொத்தானைப் பாடத்தில் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வியின் கடினமான பகுதி இன்னும் எஞ்சியிருக்கிறது. உலாவி மனிதருக்காக வேலை செய்கிறது, ஆகவே பயன்பாட்டு மென்பொருள் என்று எழுதிவிடலாம்; ஆனால் இன்று கடிதமும் விரிதாளும் உலாவிக்குள்ளேயே ஓடுகின்றன, எனவே அது மற்ற நிரல்களுக்குத் தளமாகவும் இருக்கிறது. நச்சுநிரல் தடுப்பானைச் சில நூல்கள் பராமரிப்பு நிரல் என்கின்றன, சில பயன்பாடு என்கின்றன. தரவுத்தளத்தைப் பற்றி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பழங்கணினி:

எல்லைக்கோடு எங்கே என்பது பாடநூல் எழுதுபவர்களின் கவலை மட்டுமன்று; அது நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. 1998-இல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த போட்டித்தடை வழக்கில், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் என்பது விண்டோஸிலிருந்து பிரிக்கத்தக்க தனிப்பொருளா, அல்லது இயங்குதளத்தின் ஓர் உறுப்பா என்பது முக்கியமான வாதங்களுள் ஒன்று. பிரித்தால் இயங்குதளமே குறைபடும் என்றது நிறுவனம். தனியே விற்கவும் தனியே நிறுவவும் முடிகின்ற ஒன்றை உடன் கட்டி விற்பது போட்டியை ஒடுக்கும் செயல் என்றது அரசுத் தரப்பு. வகைப்படுத்தலில் பணமும் அதிகாரமும் கலந்திருக்கின்றன என்பதை மாணவர்களுக்குச் சொல்வதில் தவறில்லை.

என்னைக் கேட்டால், உலாவியைப் பயன்பாட்டு மென்பொருள் என்றே எழுதுவேன். அது பிற நிரல்களைத் தாங்குகிறது என்பது உண்மை; வலைப்பக்கத்தில் வரும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டுகிறது, ஒரு தளத்தின் நிரல் மற்றொரு தளத்தின் தரவைத் தொடாதபடி வேலி போடுகிறது, சேமிப்பிடத்தைப் பங்கிட்டுத் தருகிறது. இவை இயங்குதளத்தின் வேலைகளை ஒத்தவை. எனினும் நினைவகமோ வலைத்தொடர்போ வேண்டுமென்றால் அதுவும் கெர்னலிடம் விண்ணப்பம் வைத்தாக வேண்டும். உலாவியையே முகமாகக் கொண்ட குரோம்ஓஎஸ் இயங்குதளத்திலும் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான்.

நச்சுநிரல் தடுப்பான் கதை வேறு. பயனர் காணும் சாளரம் ஒரு சாதாரண நிரல். ஆனால், ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும் கணத்திலேயே குறுக்கிட்டுப் பார்க்க வேண்டுமென்பதால், அதன் ஒரு பகுதி டிரைவராகக் கெர்னலுக்குள் உட்கார்ந்திருப்பது வழக்கம். அப்படி உட்கார்வதன் விளைவை உலகம் 2024 ஜூலை 19 அன்று பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பிய ஒரு தரவுக் கோப்பில் பிழை இருந்தது. அதைப் படித்த டிரைவர் தனக்குரிய எல்லைக்கு வெளியே நினைவகத்தைப் படிக்க முயன்றது. கெர்னலுக்குள் நடந்த பிழை என்பதால் விண்டோஸ் முழுவதும் நின்றது. பாதிக்கப்பட்ட கணினிகள் ஏறத்தாழ 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. மறுபடி இயக்கினால் அதே டிரைவர் தொடக்கத்திலேயே ஏறி அதே பிழையில் விழும். ஆகையால் பல இடங்களில் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் சென்று, பாதுகாப்பு நிலையில் திறந்து, அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. இதே பிழை சொற்செயலியில் நேர்ந்திருந்தால் ஒரு சாளரம் மூடியிருக்கும், அவ்வளவே. எனவே, நச்சுநிரல் தடுப்பானை எந்த வகையில் எழுதினாலும், அதன் ஒரு கால் கெர்னலுக்குள் இருக்கிறது என்ற குறிப்பைச் சேர்த்துவிடுங்கள்.

மற்றப் பராமரிப்பு நிரல்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். காப்புநகல் எடுப்பது, கோப்புகளைச் சுருக்குவது, வட்டைச் சோதிப்பது ஆகியவை கணினியை நல்ல நிலையில் வைத்திருக்க உதவுபவை. ஆனால், பழைய நூல்களைப் பார்த்து வட்டுத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக் நிரலை முதல் எடுத்துக்காட்டாகத் தராதீர்கள். சுழலும் தட்டின்மேல் படிப்புமுனை இங்குமங்கும் நகர வேண்டிய வன்தட்டுக்குத்தான் அதனால் பயன். நகரும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியில் அது வீண் எழுத்தாக முடிந்து, தேய்மானத்தை மட்டும் கூட்டும்.

தரவுத்தளத்தைப் பொறுத்தவரை, அது பயனரின் கண்ணுக்குத் தெரியாமல் நிரல்களுக்குத் தொண்டு செய்கிறது, கெர்னலிலும் இல்லை. இப்படி நடுவே நிற்பவற்றை மிடில்வேர் என்று சிலர் தனியாக அழைக்கிறார்கள். தரவுத்தளம் என்றாலே பெரிய வழங்கி என்று நினைக்க வேண்டியதில்லை. எஸ்கியூலைட் என்பது தனி நிரலாக ஓடாமல், ஒரு நூலகமாகப் பயன்பாட்டு நிரலுக்குள்ளேயே சேர்ந்துவிடும் தரவுத்தளம். கைப்பேசியில் குறுஞ்செய்திகளும் தொடர்புப் பட்டியலும் பெரும்பாலும் அதில்தான் கிடக்கின்றன.

உரிமத்தாள்:

இலவசம், திறமூலம் ஆகியவை பற்றி எவரும் விரித்துச் சொல்லாததால் எழுதுகிறேன். இவை உரிமத்தின் வகைகள். வேலையின் வகைகள் அல்ல. கெர்னலும் திறமூலமாக இருக்கலாம், சொற்செயலியும் இருக்கலாம், கம்பைலரும் இருக்கலாம். ஆகவே ஒரே மென்பொருளுக்கு இரண்டு பட்டியல்களிலும் ஓர் இடம் உண்டு: லிப்ரேஆஃபிஸ் வேலையால் பயன்பாட்டு மென்பொருள், உரிமத்தால் திறமூலம்.

இந்தப் பிரிவு எப்போது முக்கியமாயிற்று என்று பார்த்தால், மென்பொருள் தனி வணிகப் பொருளான பிறகே. கணினியின் விலைக்குள்ளேயே மென்பொருளையும் அடக்கித் தந்துவந்த ஐபிஎம், இனி அவற்றுக்குத் தனி விலை என்று 1969-இல் அறிவித்தது. அதன் பிறகு மூல நிரலை, அதாவது மனிதர் எழுதிய வடிவை மறைத்து, இயக்கத்தக்க வடிவை மட்டும் விற்பது பரவலாயிற்று. இதற்கு எதிராக எவரும் பயன்படுத்தி மாற்றத்தக்க இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்தார். 1989-இல் அத்திட்டத்துக்கான ஜிபிஎல் உரிமத்தின் முதல் பதிப்பு வந்தது. மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், மூல நிரலைப் படித்து மாற்றலாம், பிறருக்குப் படி தரலாம், மாற்றிய வடிவையும் பரப்பலாம் என்பதே அதன் சாரம். மாற்றிய வடிவைப் பரப்புபவர் அதன் மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்ற கடமையும் உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கெர்னல், அடுத்த ஆண்டிலேயே இந்த உரிமத்துக்கு மாறியது.

மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம், காசில்லாமல் கிடைப்பதெல்லாம் திறமூலம் என்று எண்ணிக்கொள்வது. ஃப்ரீவேர் எனப்படுவது காசின்றிக் கிடைக்கும். மூல நிரலோ மாற்றும் உரிமையோ கிடைக்காது. மறுபுறம், ஜிபிஎல் உரிமத்தில் உள்ள ஒன்றைக் காசுக்கு விற்பதற்குத் தடையே இல்லை. வலைவழிச் சேவையாகத் தரப்படும் மென்பொருளில் நிரல் உங்கள் கணினிக்கு வருவதே இல்லை. அங்கே கேட்க வேண்டியது, உங்கள் தரவு யாரிடம் இருக்கிறது என்பதைத்தான். பாடத்தில் இவற்றுக்கென்று வேறொரு தலைப்பு வையுங்கள். "மென்பொருளின் வகைகள்" என்ற தலைப்புக்குள் கொண்டுவராதீர்கள்.

நூலேணி:

ஒரே ஒரு கேள்வி பாக்கி. கற்க வருபவர்கள் முதலில் பழகப்போவது தமிழில் தட்டச்சு செய்வதைத்தான். அதற்கான விசைப்பலகை நிரலும் எழுத்துருவும் எந்த வகை என்று கேட்டால் என்ன சொல்வது? எழுத்துருவை மென்பொருள் என்று சொல்வதே சரியா?

நிரலோடை:

நல்ல கேள்வி. இதையும் சேமிக்கும் பொத்தானைப் போலவே பின்தொடர்ந்து பார்க்கலாம்.

ஒரு விசையை அழுத்தியதும், விசைப்பலகைக்குள் இருக்கும் சிறு ஃபர்ம்வேர் அந்த விசையின் எண்ணை அனுப்புகிறது, எழுத்தை அன்று. பலகையின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. டிரைவர் வழியாக அந்த எண் இயங்குதளத்தை அடைந்த பிறகு, தட்டச்சு முறை நிரல் அதை எடுத்துக்கொண்டு, தமிழ்99 விசையமைப்பு என்றால் ஒருவிதமாகவும் ஒலிபெயர்ப்பு என்றால் வேறுவிதமாகவும் யூனிகோடு குறிகளாக, அதாவது எழுத்துகளுக்குரிய உலகப் பொது எண்களாக மாற்றுகிறது. பயனர் தானே நிறுவிக்கொள்வதால் இதைப் பயன்பாட்டு நிரல் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், அது மற்ற எல்லா நிரல்களுக்கும் உள்ளீட்டைத் தருவது. என் முதல் கேள்வியின்படி பார்த்தால் அமைப்பு மென்பொருளின் பக்கமே அதன் இடம். கெர்னலுக்குள் இருக்க வேண்டிய தேவையும் அதற்கில்லை.

இப்போது "கொ" என்று தட்டச்சிட்டதாகக் கொள்வோம். கோப்பில் பதிவது ககர மெய்யும் ஒகரமும் சேர்ந்த ஒலிக்கான இரண்டு குறிகள்: முதலில் "க", அடுத்து ஒகரக் குறி. திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னும் கால் அதற்குப் பின்னும் வர வேண்டும். ஒரு குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை முன்னால் நகர்த்தும் இந்த வேலையைச் செய்வது எழுத்து வடிவமைப்புப் பொறி. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரேஆஃபிஸ் ஆகிய மூன்றும் இதற்கு ஹார்ஃப்பஸ் என்ற ஒரே திறமூல நூலகத்தைப் பயன்படுத்துகின்றன. சில பழைய நிரல்களில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால், கோப்பு கெட்டுவிட்டது என்று எவரும் பதற வேண்டியதில்லை. குறிகள் சரியாகவே இருக்கும், வடிவமைப்புப் பொறிதான் தமிழை அறியாததாக இருக்கும்.

எழுத்துரு கோப்பு அடிப்படையில் தரவு: ஒவ்வோர் எழுத்தின் வெளிக்கோட்டையும் வளைவுகளாகக் குறித்து வைத்திருக்கும் அட்டவணைகள். அதனால் அதை மென்பொருள் வகைகளுள் சேர்க்காமல் விட்டால் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். எனினும், கூர்மையான மாணவர் ஒருவர் விடாமல் கேட்டால் இதையும் சொல்லுங்கள்: ட்ரூடைப் எழுத்துருக்களில், சிறிய அளவில் காட்டும்போது கோடுகள் புள்ளிக்கட்டங்களோடு சரியாகப் பொருந்துவதற்காக, ஒவ்வோர் எழுத்துடனும் கட்டளைகளையே சேர்த்து வைக்க முடியும்; அவற்றைப் படித்து இயக்குவதற்கென்று எழுத்துருவைத் திரையில் வரையும் நிரலுக்குள் ஓர் இன்டர்பிரெட்டர் இருக்கிறது.